கழக்கூட்டத்துப் படம் மாட்டிய ஆணி

1

போன மாதம் எங்கள் ஆபீஸ் நடையில் ஒரு படம் மாட்டினார்கள். ஒஹாயோ மாநிலத்தில், பனி விழுந்தால் பள்ளிக்கூடம் மூடும் ஒரு நடுத்தர ஊரில் இருக்கிறது எங்கள் ஆபீஸ். படத்தில் இருப்பதோ நம் திருவனந்தபுரம். கழக்கூட்டத்தில் எங்கள் கம்பெனிக்காகக் கட்டிய கட்டடத்தின் கீழ்த்தளத்தில், புதிதாக வெள்ளையடித்த ஓர் அறை. பாய் விரித்து நான்கு பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். தலையில் கட்டிய துண்டை அவிழ்க்கக்கூட நேரமில்லாமல் வந்து உட்கார்ந்தவர்கள். மடியில் பிள்ளைகள். ஓரத்தில் இருப்பவள் எஸ்தர். அவள் மட்டும் காமிராவைப் பார்க்காமல் பிள்ளையைப் பார்க்கிறாள்.

படத்துக்குக் கீழே பித்தளைத் தகட்டில், நாங்கள் வேலை வாங்கும் நாடுகளில் தாய்மாரின் உரிமைகளை மதிக்கிறோம் என்று பொறித்திருந்தது. ஏதோ ஒரு வியாபார சங்கம் அதற்காக எங்கள் கம்பெனிக்கு விருது கொடுத்திருக்கிறது. ஆளுக்கொரு துண்டு கேக் கொடுத்தார்கள். நானும் சாப்பிட்டேன்.

படத்துக்கு இடப்பக்கம் பெண்கள் கழிப்பறை. வலப்பக்கம் காகிதக் கட்டுகள் அடுக்கிவைக்கும் அறை. அதற்குக் கதவு உண்டு, பூட்டு உண்டு, உள்ளே ஒரு நாற்காலி போட இடமும் உண்டு. எட்டு மாதக் குழந்தைக்குப் பால் எடுத்து வைக்க, தினம் இரண்டு தடவை அந்த அறையின் சாவியைக் கேட்டேன். அது காகிதத்துக்கான அறை என்றார்கள். அதனால் இடப்பக்கம் போனேன். கடைசிக் கழிப்பறையில் மூடியைப் போட்டு உட்கார்ந்து, பால் எடுக்கும் பம்பை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து அறையில் தண்ணீர் இழுக்கும் சத்தம் கேட்டபடி இருப்பேன்.

இதையெல்லாம் அச்சில் எழுதலாமா என்று மூன்று தடவை யோசித்தேன். திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் இருக்கும் அப்பா இதைப் படிப்பார். கம்பெனி எனக்குச் சோறு போடுகிறது. இருந்தாலும் அந்தப் படம் எப்படி வந்தது என்று யாராவது ஒருத்தர் சொல்ல வேண்டும். அங்கிருந்தவர்களில் எழுதத் தெரிந்து, எழுதாமல் இருக்க முடியாமல் தவிப்பவள் நான்தான்.

2

எங்கள் கம்பெனி தன் வேலையை வெளிநாட்டு நிறுவனங்களிடம் கொடுத்துச் செய்து வாங்குகிறது. கொடுக்குமுன் அவர்கள் ஆட்களை எப்படி நடத்துகிறார்கள் என்று போய்ப் பார்த்துவரும் பிரிவில் நான் வேலை செய்கிறேன். குழந்தைகளை வேலைக்கு வைக்கிறார்களா, பெண்களுக்குக் கழிப்பறை இருக்கிறதா, கையைக் கட்டி வேலை வாங்குகிறார்களா என்று கேட்க வேண்டும். ஈராக் சிறையில் அமெரிக்கச் சிப்பாய்கள் கைதிகளை வதைத்து எடுத்த படங்கள் வெளிவந்ததற்கு அடுத்த வருடம் அது. எந்த மூஞ்சியோடு போய் யாரைக் கேட்பது என்று எங்களுக்குள் யாரும் பேசிக்கொள்ளவில்லை. அது அரசாங்கம், நாம் கம்பெனி.

கழக்கூட்டம் என்றதும் என்னைக் கூப்பிட்டார்கள். "உனக்கு அந்த பாஷை தெரியுமே" என்றாள் என் மேலதிகாரி லின்டா. எந்த பாஷை என்று அவளுக்குத் தெரியாது. நானும் விளக்கவில்லை. ஊருக்குப் போக வேண்டும். அம்மாவிடம் குழந்தையைக் காட்ட வேண்டும். நித்யாவுக்கு அப்போது ஐந்து மாதம். அவள் பிறந்த ஏழாவது வாரமே நான் வேலைக்குத் திரும்பியிருந்தேன். இங்கே பிரசவத்துக்குச் சம்பளத்தோடு லீவு கொடுக்க வேண்டும் என்று நாட்டுக்குப் பொதுவான சட்டம் கிடையாது. வீட்டில் இருக்கலாம், சம்பளம் வராது, வேலை மட்டும் போகாது. அதுவும் பெரிய கம்பெனி என்றால்தான்.

குழந்தை அமெரிக்கப் பிரஜை. பாட்டி வீட்டுக்குப் போக அவளுக்கு விசா வேண்டும். தொழில் என்ற இடத்தில் என் கணவர் ஸ்ரீதர் கோடு போட்டிருந்தார். இந்தியத் தூதரகத்து ஜன்னலில் இருந்தவர் எதையும் காலியாக விடக் கூடாது என்று திருப்பிக் கொடுத்தார். "பால் குடிக்கிறாள்னு எழுதட்டுமா?" என்று ஸ்ரீதர் கேட்டார். அந்த மனிதர் சிரிக்கவில்லை. கடைசியில் மாணவி என்று எழுதினோம்.

திருவனந்தபுரம் வந்து சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை, லின்டாவை அப்பா வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். அப்பா சர்க்கார் உத்தியோகத்தில் ஓய்வு பெற்றவர். தினம் மூன்று பேப்பர் படிப்பார். லின்டா எங்கிருந்து வருகிறாள் என்று தெரிந்ததிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவியல் பரிமாறும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"வருஷா வருஷம் உங்கள் அரசாங்கம் எல்லா நாட்டைப் பற்றியும் மனித உரிமை அறிக்கை வெளியிடுகிறது. நான் படிப்பதுண்டு. அதில் அமெரிக்காவுக்கு எந்தப் பக்கம்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

லின்டா சிரித்தாள். "நீங்கள் எங்களைப் பற்றி எழுதலாமே. யார் தடுத்தார்கள்?"

"சீனாக்காரன் எழுதறான். நாங்கள் பிறத்தியார் வீட்டு விஷயத்தில் தலையிட மாட்டோம்."

"பக்கத்து நாட்டைப் பற்றி நீங்கள் ஐ.நா.வில் பேசுவதை நான் கேட்டிருக்கிறேனே."

அப்பா அப்பளத்தை நொறுக்கினார். உங்கள் சிறை என்றார் இவர். உங்கள் போலீஸ் ஸ்டேஷன் என்றாள் அவள். எங்கள் கோர்ட் அதைக் கேட்டது என்றார் இவர். எங்கள் கோர்ட்டும்தான் என்றாள் அவள். இரண்டு பேருக்கும் வெகு சந்தோஷம். நான் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டிருந்தேன். இரண்டு பேரும் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. மற்றவர் வீட்டைப் பற்றி எல்லாரும் உண்மைதான் சொல்கிறார்கள்.

கடைசியில் அப்பா என் பக்கம் திரும்பித் தமிழில் வெற்றி அறிவித்தார். "கேட்டயோ ராஜி, நம்ம சட்டத்துல அறுபத்தொண்ணுலயே பெத்தவாளுக்குப் பன்னெண்டு ஆழ்ச்சை, மூணு மாசம், சம்பளத்தோட லீவாக்கும். திரும்பி வந்தப்பறம் கொழந்தைக்குப் பால் குடுக்கப் பகல்ல ரெண்டு தடவை விடணும். ரெண்டு தடவை! இதை உன் துரைசாணிகிட்ட சொல்லு."

சொன்னேன். லின்டா நம்பவில்லை. "தாளிலா, நிஜமாகவா?" என்று கேட்டாள்.

பாத்திரங்களை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். கிணற்றடியில் தெரியாத ஒருத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள். "தங்கம் எங்கேம்மா?" என்றேன். தங்கம் நான் கல்யாணமாகிப் போகும் முன்பிருந்தே எங்கள் வீட்டில் வேலை பார்ப்பவள்.

"அவ பிரசவத்துக்குப் போயிட்டா. வேற ஆளை வெச்சாச்சு."

"திரும்பி வருவாளோன்னோ?"

"வந்தா பாத்துக்கலாம். அதுவரைக்கும் நான் தேய்க்கணுமாக்கும்? நன்னாருக்கு!"

கூடத்தில் அப்பா இன்னும் அறுபத்தொன்றில் இருந்தார்.

3

கழக்கூட்டத்தில் எங்களை வரவேற்றவள் ஷைலஜா. அந்த நிறுவனத்தில் ஆட்களைக் கவனிக்கும் மேனேஜர். என் வயதுதான் இருக்கும். கசங்காத பருத்திப் புடவை, கையில் ஒரு கோப்பு. நாங்கள் வரும் சேதி கேட்டு ஒரு வாரமாகத் தூங்கவில்லை என்று முகத்தில் எழுதியிருந்தது. பரிசோதனை மூன்று நாள். அது சரியாக முடிந்தால்தான் அவர்களுக்கு எங்கள் வேலை. எங்களுக்காகவே இரண்டு மாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். அதனால் கட்டட வேலை நடக்கும் இடமும் எங்கள் பார்வைக்குள் வந்தது.

முதல் நாள் எல்லாம் நன்றாகப் போனது. அங்கே வேலை பார்க்கும் பெண்களில் இரண்டு பேர் பிரசவ லீவில் இருந்தார்கள், சம்பளத்தோடு. அப்பா சொன்னது தாளில் மட்டும் இல்லை. ஷைலஜாவும் ஆறு மாதத்துக்கு முன் பெற்றவள். அவளிடம் மெதுவாக என் விஷயத்தைச் சொன்னேன். உடனே ஒரு சின்ன அறையைத் திறந்து, ஜன்னலுக்குத் துணி கட்டி, சாவியை என் கையிலேயே கொடுத்துவிட்டாள். "மேடம் எப்போ வேணமெங்கிலும் போகாம். ஆரும் வராது." எப்போது வேண்டுமானாலும் போகலாமாம், யாரும் வரமாட்டார்களாம். அமெரிக்காவில் மூன்று மாதமாகக் கேட்டுக் கிடைக்காத சாவி. அதைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரியாக நிற்க முடியாமல் அழுதுவிடுவேனோ என்று பயந்தேன்.

மத்தியானம் கட்டட வேலை நடக்கும் இடத்தைப் பார்த்தோம். தெற்கே நாகர்கோவில், வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஆட்கள்தான் எல்லாரும். ஆண்கள் கம்பி கட்டினார்கள். பெண்கள் சட்டியில் கலவை சுமந்தார்கள். எங்கள் கேள்விகளில் ஒன்று, வேலை நடக்கும் இடத்தில் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா என்பது.

ஷைலஜாவின் முகம் முதல் தடவையாக மலர்ந்தது. "ஒரு குட்டி போலும் இல்லை, மேடம்!"

ஒரு பிள்ளைகூட இல்லை. லின்டா சுற்றிலும் பார்த்தாள். "அருமை" என்றாள். நானும் பார்த்தேன். ஒரு வேப்பமரத்துக் கிளையில் சேலைக் கிழிசல் ஒன்று முடிச்சோடு தொங்கியது. தூளி கட்டியிருந்ததை அவசரத்தில் பாதி அவிழ்த்துவிட்டுப் போனது. அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. என் கடமை, கேட்பதும் பதிலைக் குறித்துக்கொள்வதும்.

4

இரண்டாம் நாள் மத்தியானம் பால் கட்டி வலித்தது. ஷைலஜா கொடுத்த அறைக்கு, கட்டட வேலை நடக்கும் இடத்தின் குறுக்கே நடந்தேன். அடுக்கியிருந்த சிமென்ட் கல்லுக்குப் பின்னால் ஒரு பெண் சுவரைப் பார்த்துக் குனிந்து நின்றாள். வாந்தி எடுக்கிறாள் என்று நினைத்தேன்.

"என்ன, உடம்புக்கு முடியலையா?"

திடுக்கிட்டு மாராப்பை இழுத்துப் போட்டாள். "ஒண்ணுமில்ல." அவள் காலடியில் மணல் ஈரமாக இருந்தது. வெள்ளையாக.

பீய்ச்சிய பால். அவளே என்னை உற்றுப் பார்த்தாள். "நீங்க தமிழா? பேச்சு மலையாளங் கணக்கால்லா இருக்கு."

"ஸ்ரீவராகம். இங்க உள்ள தமிழாக்கும். உன் கொழந்தை எங்கே?"

"ரோட்டுக்கு அங்கிட்டு ஒரு வீடு பிடிச்சு எல்லாத்தையும் அடைச்சுப் போட்டிருக்காவ. ஒரு கெழவியக் காவலுக்கு வச்சிருக்கு. மூணு நாளைக்கி கேட்டத் தாண்டி வெளிய போவக்கூடாதுன்னுட்டாரு மேஸ்திரி. எம் பிள்ள குப்பிப் பால வாயில வைக்கமாட்டா, யக்கா. நேத்துப் பூரா கத்தித் தொண்ட அடைச்சுப் போச்சு."

"ஏன் அடைச்சா?"

"அமெரிக்காவுலருந்து யாரோ ஒரு வெள்ளக்காரி வாராளாம். அவளுக்குப் பிள்ளையளக் கண்டா ஆவாதாம். கண்டுட்டான்னா வேலையையே நிப்பாட்டிப் போடுவாளாம். பெத்திருந்தால்லா அவளுக்குத் தெரியும்? எங்கயாவது கல்லுல மொளச்சிருப்பா."

என் காது சுட்டது. "வந்தது ரெண்டு பேர்" என்றேன். "அதுல ஒருத்தி நான்."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்களா வெள்ளக்காரி?" சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது அவளுக்கு. "எங் கலர்லல்லா இருக்கிய!" பிறகு அவள் பார்வை என் சட்டையில் நின்றது. இடது பக்கம் நனைந்து வட்டமாகப் பரவியிருந்தது. சிரிப்பை நிறுத்தினாள். "ஒங்களுக்கும் கட்டிக்கிட்டா? பிள்ள எங்க?"

"அம்மா வீட்ல."

"ஒங்க ஊர்ல வேலைக்கிப் போறவுக எங்க வச்சுக் குடுப்பாவ?"

பொய் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. "கொடுக்கறதில்லை. கக்கூசுக்குள்ள உக்காந்து எடுத்து குப்பில அடைச்சுண்டு வருவோம்."

"கக்கூசுலயா!" மூக்கைச் சுளித்தாள். "பிள்ள குடிக்கிற பாலயா? அதுக்கு இந்த மண்ணு எவ்வளவோ தேவலயே, யக்கா."

இரண்டு பேரும் சிரித்தோம். நனைந்த துணியோடு, சிமென்ட் கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு. அதற்குள் மேஸ்திரி "ஏ எஸ்தரு, எங்க போயிட்ட?" என்று கத்தினார். அவள் சட்டியைத் தலையில் ஏற்றினாள். "எம் பேரச் சொல்லிராதிய. வேல போச்சுன்னா ஊருல போயி நிக்க வழியில்ல" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

அவளிடமிருந்து பிள்ளையைப் பிரித்தது கொடுமைக்காரன் யாரும் இல்லை. பிள்ளைகளைக் காப்பதற்காக நான் கேட்ட கேள்வி.

5

சாயங்காலம் காரில் லின்டாவிடம் சொன்னேன். எஸ்தரின் பெயரைச் சொல்லவில்லை. நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே எங்கள் கார் ஊர்ந்துகொண்டிருந்தது. அந்த வீடு சாலையின் எந்தப் பக்கம் என்று நான் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தேன்.

லின்டா கெட்டவள் இல்லை. கவனமாகக் கேட்டாள். "மறைத்ததும் தவறு. ஆனால் கைக்குழந்தைகள் கட்டட வேலை நடக்கும் இடத்தில் இருப்பதும் தவறு. கம்பி, சிமென்ட் தூசு, மேலிருந்து விழும் கல். நாம் இதை எழுதத்தான் வேண்டும். வேலை நடக்கும் இடத்தில் பிள்ளைகள் என்று எழுதினால் அடுத்த மாதமே சரிசெய்துவிடுவார்கள்."

"எப்படிச் சரிசெய்வார்கள்?"

"பிள்ளைகளை வர விட மாட்டார்கள்."

"பிள்ளையோடு வரும் பெண்ணை வர விட மாட்டார்கள். வேறு ஆள் வைத்துவிடுவார்கள்." இதைச் சொல்லும்போது கிணற்றடியில் தேய்த்துக்கொண்டிருந்த அந்தத் தெரியாத பெண்ணின் முதுகு கண்ணில் வந்தது.

லின்டா ஜன்னல் பக்கம் திரும்பினாள். "என் பையன் பிறந்து இரண்டாவது வாரம் நான் வேலைக்குப் போனேன். யாரும் அவனை என்னிடம் தூக்கிக்கொண்டு வரவில்லை. சமாளித்தேன். அதில் எனக்குப் பெருமைதான்."

"அதை எந்த நாட்டு அறிக்கையில் எழுதுவது?" என்றேன்.

வாயிலிருந்து வந்தபிறகுதான் பயந்தேன். அவள் என் மேலதிகாரி. கிரீன் கார்டு இன்னும் வரவில்லை, கம்பெனிதான் விண்ணப்பித்திருக்கிறது. மன்னிப்புக் கேட்க நினைத்தேன். ஹோட்டல் வாசலில் இறங்கும்போது லின்டா, "காலையில் முடிவுக் கூட்டம். சீக்கிரம் வா" என்று மட்டும் சொன்னாள்.

6

வீட்டு வாசலுக்கே அம்மா குழந்தையோடு வந்துவிட்டாள். "ராஜி, குப்பியைத் தொடமாட்டேங்கறதுடீ. மொகத்தைத் திருப்பிண்டு ஒரே நிலவிளி, அழுகை நிக்கலை. நீ இல்லாம என்னால ஆகாது, கேட்டயோ."

வாங்கி மடியில் போட்டுக்கொண்டேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நித்யா விக்கி விக்கிக் குடித்தாள். தொண்டையில் அந்த விக்கல் இருக்கும்வரை எனக்கு எதிரில் யாரும் தெரியவில்லை.

பிறகு அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கொதித்தார். "பாத்தயா! அவா வரான்னு நம்ம கொழந்தைகளை ஒளிச்சு வைக்கறதா? வெள்ளைக்காரன் போயும் இந்த பயம் போகலையே!"

"அவா ஒளிச்சு வைக்கச் சொல்லலைப்பா. நாம ஒளிச்சு வெச்சோம். உங்க அறுபத்தொண்ணு சட்டத்துல மண்ணு சொமக்கறவளுக்கு ஒரு வரி உண்டா?"

"கட்டடத் தொழிலாளிக்குத் தனிச் சட்டம் இருக்கு. அம்பது ஸ்திரீகளுக்கு மேல வேலை பாத்தா கொழந்தைகளுக்கு அறை கட்டிக் குடுக்கணும்."

"நாப்பத்தொம்பது பேர்தான் இருக்கான்னு எழுதிண்டா?"

அப்பா பேப்பரை மடித்து வைத்தார்.

"தங்கத்துக்கு எந்தச் சட்டம்?"

அம்மா பட்டென்று குறுக்கே வந்தாள். "மதிடீ, போதும். வந்த எடத்துல வீட்டுக்குள்ள வழக்குப் பேச வேண்டாம். அங்க அமெரிக்காவுல போய்ப் பேசு, தைரியம் இருந்தா."

அது குத்தியது. சரியாகத்தான் குத்தியது. அமெரிக்காவில் நான் பேசியதில்லை. சாவி கிடையாது என்றார்கள், சரி என்று இடப்பக்கம் போனேன். இங்கே மூன்று நாள் அதிகாரியாக நின்று, அந்தச் சின்ன அறைச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, எஸ்தரின் பிள்ளைக்காக என்ன செய்துவிடப் போகிறேன்? எழுதினால் அவளுக்கு வேலை போகும். எழுதாவிட்டால் அடுத்த பரிசோதனைக்கும் பிள்ளைகள் அந்த வீட்டுக்குப் போகும்.

காலையில் குளித்து, நித்யாவுக்கும் தலைக்கு ஊற்றி, சட்டை மாட்டினேன். அம்மா கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை.

"ஆபீசுக்கா? கொழந்தையையா? பைத்தியமா ஒனக்கு?"

"தைரியம் இருந்தா பேசுன்னியே."

"அமெரிக்காவுலன்னு சொன்னேன்!"

"இங்கேர்ந்து ஆரம்பிக்கறேன்."

அப்பா போய் ஆட்டோ கூட்டிவந்தார். கொடியில் காய்ந்த துவர்த்துத் துண்டு ஒன்றை எடுத்து, "இதையும் வெச்சுக்கோ, மறைச்சுக்க வேணுமோன்னோ" என்று தலையைப் பாதி திருப்பிக்கொண்டு நீட்டினார்.

7

கூட்ட அறையில் நீள மேஜை. ஒரு பக்கம் ஷைலஜா, அவளுடைய டைரக்டர், கான்ட்ராக்டர். மறுபக்கம் லின்டா. நான் குழந்தையோடு உள்ளே போய் லின்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. மரியாதை. ஷைலஜா மட்டும் குழந்தையைப் பார்த்துத் தன்னையறியாமல் கையை நீட்டிப் பிறகு மடக்கிக்கொண்டாள்.

லின்டா ஒவ்வொன்றாக வாசித்தாள். அந்தக் கேள்வி வந்தது. வேலை நடக்கும் இடத்தில் பிள்ளைகள்.

அவள் அடுத்த வார்த்தை சொல்லுமுன் நான், "ஒன்று" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"ஐந்து மாதம். பெயர் நித்யா. வேலை நடக்கும் இடத்தில், வேலை நேரத்தில், தாயோடு இருக்கிறாள். முதலில் இதை எழுதிக்கொள்ள வேண்டும். நம் கம்பெனியின் பெயரில்."

நித்யா என் கழுத்துச் சங்கிலியை வாயில் போட்டுக்கொண்டாள். "இரண்டாவது, நம் தலைமை ஆபீசில் பிள்ளை பெற்ற பெண்கள் எங்கே பால் எடுக்கிறார்கள் என்றும் எழுத வேண்டும். எனக்குத் தெரியும், நான் சொல்கிறேன். அதற்குப் பிறகு இங்கே உள்ள குழந்தைகளைப் பற்றி எழுதலாம். அவர்கள் சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டில் இருக்கிறார்கள். நமக்குப் பயந்து."

கான்ட்ராக்டர் எழுந்தார். "ஆரு பறைஞ்சது? ஏது பெண்ணாணு பறைஞ்சது?" எந்தப் பெண் காட்டிக்கொடுத்தாள் என்பது அவருக்கு வேண்டும்.

"நானாணு" என்றாள் ஷைலஜா, தானே சொன்னதாக.

அது பொய். அவள் என்னிடம் எதுவும் சொன்னதில்லை. என் பக்கம் பார்க்காமல் இங்கிலீஷில் தொடர்ந்தாள். பிள்ளைகளை அனுப்பச் சொன்னது அவள்தான், ஒரு குழந்தை கண்ணில் பட்டாலும் வேலை கைவிட்டுப் போகும் என்று பயந்து. அவளுடைய பிள்ளையை அவளுடைய அம்மா பார்த்துக்கொள்கிறாள், பகலில் இரண்டு தடவை அவள் போய்வருகிறாள். வெளியே கலவை சுமப்பவர்களைக் கேட்டின் உள்ளே பூட்டச் சொன்னதும் அவள்தான். சொல்லி முடித்ததும் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தாள்.

லின்டா பேனாவை மூடினாள், திறந்தாள். டைரக்டரைப் பார்த்து, "கீழ்த்தளம் முடிந்துவிட்டதல்லவா?" என்று கேட்டாள்.

"முடிந்தது."

"கம்பியும் கல்லும் இல்லாத பக்கத்தில், கதவுள்ள ஓர் அறை. இன்றைக்கே. தாய்மார் போய்வர நேரம். பிள்ளை வைத்திருப்பதற்காக யாரையும் நிறுத்தக் கூடாது. இது இருந்தால் நான் அந்தக் கேள்விக்கு வேறு பதில் எழுதுவேன்." என் பக்கம் திரும்பினாள். "உன்னுடைய முதல் இரண்டையும் எழுத முடியாது. அது இந்தப் பரிசோதனையில் வராது."

"யாருடைய பரிசோதனையில் வரும்?"

"ராஜி, இன்றைக்கு இவ்வளவு போதும்" என்றாள். கோபமில்லை அவள் குரலில். எனக்கு இருந்தது.

மத்தியானம் வெள்ளையடித்த வாசனையோடு அந்த அறையைத் திறந்தார்கள். ஒரு வேனில் பிள்ளைகள் வந்தன. எஸ்தர் ஓடிவரவில்லை. சட்டியை இறக்கி, கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, பிறகுதான் வந்தாள். பிள்ளை அவளைப் பார்த்ததும் அழக்கூடச் சத்தமில்லாமல் வாயை மட்டும் திறந்தது. நான் நித்யாவோடு பாயின் மறு ஓரத்தில் உட்கார்ந்தேன். அவள் என்னைத் தெரிந்தவளாகக் காட்டிக்கொள்ளவில்லை. மேஸ்திரி வாசலில் நின்றார்.

அப்போதுதான் லின்டா காமிராவை எடுத்தாள். நானும் அந்தப் பாயில்தான் இருந்தேன். ஆபீஸ் நடையில் மாட்டிய படத்தில் நான் இல்லை. என்னை வெட்டிவிட்டார்கள்.

8

இந்தப் படத்தை மாட்டிய அன்று, கேக் தின்று முடித்ததும் சாவி கேட்டேன். காகிதத்துக்கான அறை என்றார்கள். சரி என்று இடப்பக்கம் திரும்பிக் கதவில் கைவைத்தேன். கக்கூசுலயா என்று எஸ்தர் மூக்கைச் சுளித்தது ஞாபகம் வந்தது. அம்மா சொன்னதும்.

என் மேஜையிலிருந்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். அதன் ஒரு சக்கரம் கிறீச்சிடும். நடை முழுக்கக் கிறீச்சிட்டது. படத்துக்கு நேர் கீழே போட்டு உட்கார்ந்து, அப்பா கொடுத்த துவர்த்தைத் தோளோடு போர்த்திக்கொண்டு பம்பைப் போட்டேன். போகிறவர்கள் பார்த்தார்கள், பார்க்காத மாதிரி போனார்கள். முதல் நாள் பாலே வரவில்லை.

இரண்டாம் நாள் எங்கள் ஆபீஸ் நிர்வாகி வந்தார். நல்ல மனிதர், தனக்கும் இரண்டு பெண் குழந்தைகள் என்று ஆரம்பித்தார். "இங்கே இதைச் செய்யக் கூடாது. மற்றவர்களுக்குச் சங்கடம்."

நான் தலைக்கு மேலே கையைக் காட்டினேன். "இவர்களைப் பார்த்தால் சங்கடமாக இல்லையா?"

அவர் நிமிர்ந்து எஸ்தரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அது வேறு" என்றார்.

"எப்படி வேறு?"

யோசித்துச் சொல்கிறேன் என்று போனார். லின்டா தன் அறைக் கதவைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கதவை மூடவில்லை.

இது சரியா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. ஸ்ரீதர், கிரீன் கார்டு வரும்வரை பொறுக்கக் கூடாதா என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. அப்பாவிடம் போனில் சொன்னேன். "பாத்தயா, அமெரிக்கா லட்சணத்தை" என்று உற்சாகமானார். தங்கத்துக்குத் திரும்ப வேலை கொடுத்தாயிற்றா என்று கேட்டேன். லைன் சரியில்லை என்றார்.

இன்று காலை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனேன். யோசித்து முடித்துவிட்டார்கள் போலிருக்கிறது. படத்தைக் கழற்றிவிட்டிருந்தார்கள். பித்தளைத் தகடும் இல்லை. வலப்பக்கத்து அறை பூட்டியே இருக்கிறது.

ஆணியை மட்டும் விட்டுவிட்டார்கள். துவர்த்தைப் போர்த்திக்கொள்ளாமல் அதில் மாட்டிவிட்டு உட்கார்ந்தேன். நாளைக்கும் வருவேன்.